வெனிஸில் ஓர் இரவு தங்குங்கள்

இத்தாலியின் வெனிஸ் நகருக்குக் காலையில் வந்து மாலையில் திரும்பிவிடுவது சிக்கனம் போலத் தோன்றும். கணக்குப் பார்த்தால் அப்படியில்லை. 2024 முதல், நெரிசல் மிகுந்த சில நாட்களில், காலை 8.30 முதல் மாலை 4 மணி வரை பகல்நேரப் பயணிகளிடம் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். முன்பே பதிவு செய்தால் 5 யூரோ. கடைசி நேரத்தில் என்றால், 2025 முதல், 10 யூரோ. இரவு தங்குபவர்களுக்கு அது கிடையாது. விடுதி ரசீதில் தங்கும் வரி மட்டும் சேரும். அதைவிடப் பெரிய லாபம், பகலில் தோளோடு தோள் இடிக்கும் சான் மார்க்கோ சதுக்கத்தில் அதிகாலையில் நிம்மதியாக நடக்கலாம்.

தீவுக்குள் விடுதி வாடகை கட்டுப்படியாகாதே என்பீர்கள். நியாயம்தான். ஆனால் பாலத்துக்கு அக்கரையிலுள்ள மெஸ்த்ரேயும் வெனிஸ் மாநகராட்சியைச் சேர்ந்ததே. அங்கே தங்கினாலும் விலக்கு உண்டு. ரயிலில் சுமார் பத்து நிமிடப் பயணம். பெட்டியையும் அங்கேயே வைத்துவிடலாம். வெனிஸின் 400-க்கும் மேற்பட்ட பாலங்களில் பெரும்பாலானவை படிக்கட்டுப் பாலங்கள். சக்கரப் பெட்டியானாலும் தூக்கித்தான் ஏற வேண்டும். கட்டண நாட்கள் ஆண்டுதோறும் மாறும். பயணச்சீட்டு எடுக்கும் முன் மாநகராட்சியின் இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள்.