இலைக்குப் பூ என்று பெயர்!

கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா குட்டீஸ்? மணி, நட்சத்திரம், பனி மூடிய மரம்... இவற்றோடு ஒரு மூலையில் பெரிய சிவப்புப் பூ ஒன்றும் இருக்கும். அதுதான் பாயின்செட்டியா. டிசம்பர் மாதம் ஊட்டி, கொடைக்கானல் பக்கம் போனால் நிஜச் செடியையே பார்க்கலாம்.

ஒரு ரகசியம் சொல்லட்டுமா? அந்தச் சிவப்பு, பூவே அல்ல... இலை! செடியின் உச்சியில் இருக்கும் இலைகள் மட்டும் பச்சையை விட்டுச் சிவப்பாகின்றன. நிஜப் பூக்கள் நட்டநடுவில், மஞ்சள் மணிகள் போலப் பொடிசாக உட்கார்ந்திருக்கும். பாவம், அவற்றை யாரும் கண்டுகொள்வதில்லை! நம் ஊர் காகிதப்பூவிலும் இதே கதைதான்.

இந்தச் செடியின் சொந்த ஊர் மெக்சிகோ. அங்கே 10 அடிக்கு மேல்கூட வளரும். 500 ஆண்டுகளுக்கு முன் அந்த நாட்டில் செல்வாக்கோடு இருந்தவர்கள் ஆஸ்டெக் மக்கள். அவர்களுடைய நாவாட்டில் மொழியில் இதன் பெயர் 'குவெட்லாஷோச்சிட்ல்'. எங்கே, மூச்சு விடாமல் மூன்று முறை சொல்லுங்கள் பார்ப்போம்!

'ஷோச்சிட்ல்' என்றால் பூ. முன்பாதிக்குத்தான் இரண்டு விளக்கங்கள். 'வாடும் பூ' என்பார்கள் சிலர். 'தோல் பூ' என்பார்கள் வேறு சிலர். சாயம் போட்ட மெல்லிய தோலை வெட்டி ஒட்டியது போலத்தானே அந்தச் சிவப்பு இலை இருக்கிறது? அதனால் இரண்டாவது விளக்கம்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. அந்த மக்கள் இதை அழகுக்காக மட்டும் வளர்க்கவில்லை. சிவப்பு இலையிலிருந்து சாயம் எடுத்தார்கள். செடியின் பாலைக் காய்ச்சலுக்கு மருந்தாக்கினார்கள்.

பிறகு ஸ்பெயின்காரர்கள் வந்தார்கள். கிறிஸ்தவ மதமும் வந்தது. செடிக்குப் புதுப் பெயரும் வந்தது, 'நோச்சேபுவேனா'. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவை ஸ்பானிய மொழியில் இப்படித்தான் சொல்வார்கள். நேர்ப்பொருள், 'நல்ல இரவு'. மெக்சிகோவில் இதற்கொரு கதையும் உண்டு. குழந்தை இயேசுவுக்குப் பரிசு வாங்கக் காசில்லாத ஏழைச் சிறுமி ஒருத்தி, வழியோரக் களைச்செடிகளைப் பறித்து எடுத்துப் போனாளாம். அவற்றைத் தேவாலயத்தில் வைத்ததும் அத்தனையும் சிவப்பாக மலர்ந்துவிட்டனவாம்.

கதை இருக்கட்டும். சரியாக டிசம்பரில் மட்டும் செடி சிவப்பது எப்படி? இரவுதான் காரணம். மெக்சிகோவில் குளிர்காலத்து இரவு நீளமானது. பல வாரங்கள் தொடர்ந்து நீண்ட இருட்டு கிடைத்தால்தான் இந்தச் செடி பூக்கத் தொடங்கும். வளர்ப்பவர்கள் தினமும் சுமார் 14 மணி நேரம் இருட்டில் வைப்பார்கள். இரவில் தெருவிளக்கின் வெளிச்சம் விழுந்தால்கூடக் காரியம் கெட்டுவிடும்! ஆக, 'நல்ல இரவு' பொருத்தமான பெயர்தான்.

அப்படியானால் பாயின்செட்டியா என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

ஜோயல் ராபர்ட்ஸ் பாயின்செட் என்ற அமெரிக்கரிடமிருந்து! மெக்சிகோவுக்கு அமெரிக்கா அனுப்பிய முதல் தூதர் இவர். 1825-ல் அங்கே போனார். செடி, கொடி என்றால் இவருக்கு உயிர். இந்தச் செடியைப் பார்த்து அசந்துபோய் அமெரிக்காவுக்கு அனுப்பிவைத்தார். 1829-ல் பிலடெல்பியா மலர்க் கண்காட்சியில் அது வைக்கப்பட்டது. 1836-ல் ஸ்காட்லாந்து தாவரவியலாளர் ராபர்ட் கிரஹாம், தூதரின் பெயரையே செடிக்குச் சூட்டிவிட்டார்.

மெக்சிகோ மக்களுக்கோ பாயின்செட்டைப் பிடிக்கவே பிடிக்காது. தங்கள் நாட்டு அரசியலில் மூக்கை நுழைக்கிறார் என்று கோபம். 'இவரைத் திரும்ப அழைத்துக்கொள்ளுங்கள்' என்று அந்த நாட்டு அரசே 1829-ல் கேட்டுக்கொண்டது! இன்று அமெரிக்காவிலும் சிலர் இந்தப் பெயரைச் சொல்லத் தயங்குகிறார்கள். பாயின்செட் அடிமைகளை வைத்திருந்தவர். 1837 முதல் 1841 வரை அவர் போர்த்துறையைக் கவனித்தார். அந்தக் காலத்தில்தான் செரோக்கி போன்ற பூர்வகுடி மக்கள் சொந்த மண்ணிலிருந்து விரட்டப்பட்டார்கள். இவர்கள் பழைய ஆஸ்டெக் பெயரையே சொல்ல விரும்புகிறார்கள். நாக்கு கொஞ்சம் சுளுக்கும், அவ்வளவுதான்!

துருக்கியில் இது 'அத்தாதுர்க் பூ'. அந்த நாட்டுத் தலைவரின் பெயர். நம் பக்கத்து நாடான நேபாளத்தில் 'லாலுபாத்தே', அதாவது சிவப்பு இலை! பூ என்று ஏமாறாமல் இலையை இலை என்றே சொன்ன நேபாளிகளுக்கு ஒரு சபாஷ்!

அறிவியல் பெயரில் பாயின்செட் கிடையாது. ஜெர்மானிய அறிஞர் குளோட்ஷ் 1834-லேயே 'யூஃபோர்பியா புல்செரிமா' என்று பெயர் வைத்துவிட்டார். முந்திய பெயர்தானே செல்லும்? 'புல்செரிமா' என்றால் லத்தீனில் 'மிக மிக அழகானது'. 'யூஃபோர்பியா' யார் தெரியுமா? நம் வேலியோரத்துக் கள்ளி! சதுரக்கள்ளி, திருகுக்கள்ளி எல்லாம் இதே இனம். அதனால்தான் இதை ஒடித்தாலும் பால் வடிகிறது. பால் பட்ட கையால் கண்ணைத் தேய்க்காதீர்கள், எரியும்.

திருகுக்கள்ளியின் அறிவியல் பெயர் 'யூஃபோர்பியா திருக்கள்ளி'. மலபார் மக்கள் வாயில் வழங்கிய பெயரையே 1753-ல் லின்னேயஸ் எடுத்துக்கொண்டார். மெக்சிகோ செடிக்குத்தான் அந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை!