குடும்பத்தோடு பாளையமிறங்குதல்

பாளையம் என்னுஞ் சொல் இந்நாளில் ஊர்ப்பெயரின் ஈறாக மட்டுமே பெரும்பாலும் நம் செவியிற் படுகின்றது. படை தங்குமிடம் என்பது அதன் பழம்பொருள். தமிழ் வேதாகமம் பயின்றோர்க்கு அச்சொல் புதியதன்று. இஸ்ரவேலர் எகிப்தினின்று புறப்பட்டு வனாந்தரத்தில் எங்கெங்கே பாளையமிறங்கினர் என்பதை எண்ணாகமம் 33ஆம் அதிகாரம் நிரல்படக் கூறிச் செல்கின்றது. ஏலிமில் 12 நீரூற்றுகளும் 70 பேரீச்ச மரங்களும் இருந்தன. ரெவிதீமிலோ குடிக்கத் தண்ணீரில்லை. ஏலிமில் முறுமுறுப்பு எழுந்ததாக யாத்திராகமம் கூறவில்லை. ரெவிதீமில் வாக்குவாதம் கல்லெறியுமளவுக்கு முதிர்ந்தது. கூட்டத்தாரின் குணம் ஒன்றே. இறங்கிய இடமே வேறு. குடும்பத்தோடு வெளியிற் சென்று தங்க விரும்புவோர் இவ்வேற்றுமையை மனத்திற் கொள்ளுதல் நன்று.

யான் ஈண்டு எடுத்துக்கொண்டது படையின் பாளையமன்று. தாய் தந்தையரும், முதியோரும், சிறுவரும் விடுமுறை நாளில் இரண்டோரிரவு வீட்டை விட்டு நீங்கி, கடலோரத்திலோ தோப்பிலோ கூடாரமடித்து உறைதலே என் பொருள். இவ்வழக்கம் மேலைநாட்டார் நமக்குக் கற்பித்தது என்பர் பலர். தாமஸ் ஹைரம் ஹோல்டிங் என்னும் ஆங்கிலேயர் 1908இல் இதற்கென ஒரு கைந்நூல் எழுதினார். அதற்கு முந்திய ஆண்டிலேயே பேடன் பவல் பிரவுன்சீ தீவில் சிறுவர் பாசறை நடத்தினார். ஆயினும் குடும்பத்தோடு வழிநடந்து வெளியில் தங்குதல் தமிழர்க்குப் பழைய பழக்கமே.

அதற்குச் சான்று நம் ஊர்ப்பக்கத்திலேயே உளது. சிறுபாணாற்றுப்படையின் தலைவன் ஓய்மானாட்டு நல்லியக்கோடன். அவன் நாடு இன்றைய திண்டிவனத்தைச் சூழ்ந்தது. அவனது கிடங்கில் திண்டிவனத்தை ஒட்டியே இருக்கின்றது. நல்லூர் நத்தத்தனார் அப்பாட்டில் ஒரு பாணர் குடும்பத்தை நம் கண்முன் நிறுத்துகின்றார். வெயிலில் நடந்து இளைத்த விறலியர் மரநிழலில் அமர்ந்திருக்க, உடன் வந்த இளையர் அவர்தம் அடிகளை மெல்ல வருடுகின்றனர். மேலே செல்லும் வழியில் எயிற்பட்டினம் என்னுங் கடற்கரையூர் வரும் என்றும், ஆங்குச் சுட்ட உலர்மீன் கிடைக்கும் என்றும் அவர்கட்குச் சொல்லப்படுகின்றது. (பரதவர் தரும் பழங்கள்ளும் அதனோடு உண்டு, கல்லூரி மலராதலின் மீனோடு நிறுத்துகின்றேன்.) அலை கொணர்ந்து ஒதுக்கிய மணமரங்கள் ஒட்டகங்கள் துயில்வன போலக் கரையிற் கிடக்க, அவையே விறகாகின்றன. நிழல், உணவு, விறகு, உபசரிக்கும் ஊரார் ஆகிய இந்நான்கையும் புலவர் இடந்தோறும் சொல்லிச் செல்வது, வழிச்செல்லும் குடும்பத்துக்கு வேண்டுவன இவை என்பதை அவர் அறிந்திருந்ததனாலேயே. எயிற்பட்டினம் மரக்காணமே எனக் கருதுவாருளர். அங்ஙனமாயின், கோட்டக்குப்பத்தினின்று வடக்கே செல்லும் கடற்கரைச் சாலை அப்பாணர் வழிக்கு அயலதே.

நிற்க. கோட்டக்குப்பம் புதுச்சேரியின் வடவெல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஊர். அங்கிருந்து தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் எனக் கடலோர ஊர்கள் வடக்கே தொடர்கின்றன. மேற்கே ஆரோவில் அமைந்துள்ள செம்மண் மேடு, கிழக்கே கடல். இடையே தென்னையும் பனையும் சவுக்கும் நிறைந்த தோப்புகள். நகரத்தினின்று குடும்பங்கள் இப்பக்கம் நாடி வருவதில் வியப்பில்லை.

முதலிற் காலத்தை நோக்கவேண்டும். ஐப்பசி முதல் மார்கழி வரையிலும் இக்கரையிற் கூடாரம் என்னும் எண்ணமே கூடாது. 2011 டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் கடலூர்க்கும் புதுவைக்கும் இடையே கரையேறிற்று. 2024 நவம்பர் 30ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் புதுவை அருகே வந்து அசையாது நின்று, ஒரு நாட்பொழுதில் அந்நகரில் 45 செ.மீ.க்கும் மேற்பட்ட மழையைக் கொட்டிற்று. சித்திரை வைகாசியில் கூடாரத்துட் பகலில் இருத்தல் அடுப்பினுள் இருத்தலை ஒக்கும். தை முதல் பங்குனி முற்பகுதி வரையுள்ள நாட்களே உத்தமம்.

அடுத்தது இடம். இதனைப் பற்றிச் சற்று விரித்துரைக்க எனக்கு உரிமையுண்டு. நாங்கள் அடிபட்டுக் கற்றோம். ஆவணித் திங்களில் ஒரு சனிக்கிழமை எம் குடும்பத்தார் அறுவரும் பொம்மையார்பாளையத்தின் அருகே ஒரு சவுக்குத் தோப்பின் ஓரத்தில் இறங்கினோம். செம்மண் மேட்டினின்று மழைநீர் அரித்து வந்த ஓடையொன்று கடலைச் சேருமிடம் அது. ஓடை முற்றும் வறண்டு, பாய் விரித்தாற்போல மணல் சமனாகக் கிடந்தது. தந்தையார் அதனையே தேர்ந்தார். பாட்டியார் மட்டும் கைக்கோலால் மணலைக் கிளறிப் பார்த்து, “தம்பி, இது தண்ணீர் போன தடமாயிருக்கிறதே” என்றார். “மழையே இல்லையே, அம்மா” என்று தந்தையார் நகைத்தார்.

இரவு பதினொரு மணியளவில் மேற்கே மின்னல் கண்டோம். எங்கள் தலைமேல் ஒரு துளியும் விழவில்லை. அரைமணிக்குப்பின் என் சிறிய தங்கை, “பாய் நனைகிறது” என்று எழுந்து அழுதாள். விளக்கை உயர்த்திப் பார்த்தபோது செந்நீர் கூடாரத்தின் இருமருங்கும் ஓடிக்கொண்டிருந்தது. குழந்தையைத் தந்தையாரும் பாட்டியாரை யானும் தூக்கிக்கொண்டு கரையேறுதற்குள் நீர் முழங்காலைத் தொட்டது. அயற்குப்பத்து மீனவப் பெரியவர் ஒருவர் எம் கூக்குரல் கேட்டு ஓடிவந்து, தம் வலைக்கொட்டகையில் எங்களைத் தங்கவைத்தார். “மேட்டிலே பெய்தால் இங்கே வரும், ஐயா, வானத்தைப் பார்த்தாற் போதாது, மண்ணைப் பார்க்கவேண்டும்” என்றார். விடியலிற் சென்று பார்த்தபோது சோற்றுப்பானை கடல்நுரையிற் கிடந்தது, கூடாரம் கிடைக்கவேயில்லை.

ஆகவே சமனான இடமெல்லாம் நல்லிடமன்று. சமனாக்கியது யாது என ஆராயவேண்டும். ஓடைப்படுகை, ஏரியின் உள்வாய், மேட்டின் அடிவாரம் ஆகியவற்றை நீக்கி, சற்றே உயர்ந்து, நீர் வழிந்தோடும்படி சாய்ந்த தரையைக் கொள்க. முல்லைப்பாட்டிற் கூறப்படும் பாசறையும் காட்டாற்றங்கரையதே. ஆயின் அங்கே தூறுகளை அழித்து, முள்வேலி வளைத்து, நாழிகை அறிவிப்போரும் காவலரும் இரவெல்லாம் விழித்திருந்தனர். நமக்கோ அத்துணை ஆட்களில்லை. மரநிழல் வேண்டும், ஆயின் தென்னையின் நேர்கீழும், உலர்ந்த மட்டை தொங்கும் பனையின் கீழும் படுத்தலாகாது. சவுக்குத் தோப்பிற் காற்று இனிது. அதன் உதிர்ந்த சருகோ திரியினும் எளிதில் தீப்பற்றும். 2018 மார்ச் 11ஆம் நாள் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத்தீயிற் சிக்கி, மலையேறச் சென்றோர் இருபதின்மருக்கு மேற்பட்டோர் உயிரிழந்ததை நாம் மறத்தலாகாது. அடுப்பை வெறுமணலில் மூட்டி, நீரால் அவித்தபின்னரே உறங்கவேண்டும்.

கடலை எவ்வளவு நெருங்கலாம் என்பது இவ்வூரிற் பெரியதொரு வினா. தென்மேற்குப் பருவக் காற்றின் அலைகள் நம் கரையின் மணலை வடக்கு நோக்கித் தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவம் அதிற் சிறுபகுதியையே தெற்கே திருப்பித் தருகின்றது. 1980களின் இறுதியில் புதுவைத் துறைமுகத்திற் கடலுள் நீட்டிக் கட்டிய அலைதடுப்புச் சுவர்கள் அம்மணலைத் தெற்கே தேக்கிவிட்டன. வடக்கே இருந்த கரை உணவற்ற உடல்போல் மெலிந்தது. ஓரிடத்தைக் காக்கக் கல் கொட்டினால் அரிப்பு அதற்கு வடக்கே தாவும். இவ்வாறு அது கோட்டக்குப்பத்துக் குப்பங்களை அடைந்து, வீடுகளையும் படகு ஏற்றும் மணலையும் விழுங்கிற்று. எஞ்சிய மணற்பட்டை மீனவர்க்கு வலையுலர்த்தும் முற்றமும், படகுத்துறையும், மீன்விலை கூறும் சந்தையுமாம். அதில் நம் கூடாரத்தை அடித்தல், ஒருவர் அடுக்களையிற் கேளாமற் பாய் விரித்தலை ஒக்கும் என்பது என் கருத்து. ஊர்ப் பெரியவர்களையும் தோப்புக்குரியவரையும் முன்னரே கண்டு இசைவு பெறவேண்டும். கேட்டால் மறுப்பவர் அரியர். கல்வரிசைகளின் அருகே நீராடுதல் கொடிது. அங்கே திரும்பும் நீரோட்டம் நீந்த வல்லாரையும் உள்ளிழுத்துச் செல்லும்.

இன்னுமொன்று. நாம் நாடும் தை மாசித் திங்களே பங்குனியாமைகள் கரையேறி முட்டையிடும் பருவமும். இரவில் மணலில் எரியும் விளக்கும் தீயும் தாயாமையைத் திருப்பியனுப்பும். பொரித்த குஞ்சுகளோ வெளிச்சத்தைக் கடலென்றெண்ணி நிலத்தை நோக்கி ஊர்ந்து மாளும். ஆதலின் கூடாரம் தோப்பினுள் இருப்பதும், கடற்பக்கம் விளக்கு மறைக்கப்படுவதும் கடமை. மரக்காணத்தை அடுத்த கழுவேலி 2021இல் பறவைகள் சரணாலயமாக்கப்பட்டு, 2024இல் ராம்சார் ஈரநிலங்களுள் ஒன்றாயிற்று. அதனைப் பகலிற் சென்று கண்டு மீள்க. அங்கே இராத்தங்கல் எண்ணற்க.

பெண்டிரும் முதியோரும் உடன்வரும்போது கழிப்பிடம் பற்றிய கவலையே தலையாயது. இதனை ஆடவர் எழுதும் குறிப்புகள் விட்டுவிடுகின்றன. எம் அன்னையார் இதன்பொருட்டே முதலிருமுறை எங்களுடன் வர மறுத்தார். கதவுள்ள கழிப்பிடம் கூப்பிடு தூரத்தில் இல்லாத இடம், எத்துணை எழிலுடைத்தாயினும், குடும்பத்துக்கு ஆகாது. வேறு வழியில்லையேல் உபாகமம் 23ஆம் அதிகாரம் பாளையத்தார்க்கு விதித்ததே வழி: புறம்பே சென்று, கோலால் மண்ணைத் தோண்டி மூடுதல். கிணற்றுக்கும் குளத்துக்கும் 200 அடிக்குள் அது நிகழலாகாது. கடலோரக் கிணறுகள் பலவற்றில் உவர் ஏறியிருத்தலால் குடிநீரை வீட்டினின்றே கொண்டுசெல்க; சமையலுக்குஞ் சேர்த்து ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு ஐந்து லிட்டர் வேண்டும்.

அவ்வாவணி இரவுக்குப்பின் நாங்கள் மும்முறை அப்பக்கம் பாளையமிறங்கியிருக்கின்றோம். அப்பெரியவரின் வலைக்கொட்டகைக்கு அடுத்த மேட்டுத் தோப்பே எங்கள் இடம். தந்தையார் புதிய கூடாரத்தின் கட்டை உடனே அவிழ்ப்பதில்லை. பாட்டியார் கைக்கோலோடு இடத்தை ஒருமுறை சுற்றிவந்து தலையசைக்குமளவும் அதனைத் தோளிலேயே வைத்துக்கொண்டு நிற்கின்றார்.