யெல்லோஸ்டோனைத் தீட்டிய ஓவியர்

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் கொதிநீர் மண்ணைப் பிளந்து பீறிட்டு எழும் என்று வேட்டைக்காரர்கள் கூறியபோது, கிழக்குக் கரை நகரத்தார் அதனைக் கட்டுக்கதை என்று நகைத்தனர். உண்மையை அறிய, 1871ஆம் ஆண்டு ஹெய்டன் என்னும் நிலவியல் அறிஞரின் தலைமையில் ஆய்வுக்குழு ஒன்று யெல்லோஸ்டோனுக்குச் சென்றது. ஒளிப்படக் கலைஞர் ஜாக்சனும் ஓவியர் தாமஸ் மோரனும் அக்குழுவில் இருந்தனர். மோரன் குதிரையேறிப் பழகாதவர். சேணத்தின்மீது தலையணையை இட்டு அமர்ந்தே மலைகளைக் கடந்தார்.

ஜாக்சனின் படங்கள் கருப்பு வெள்ளையில் அமைந்தவை. பாறைகளின் மஞ்சளையும் வெந்நீர் ஊற்றுகளின் நீலத்தையும் மோரனின் நீர்வண்ண ஓவியங்களே காட்டின. இவ்விருவரின் படைப்புகளும் நாடாளுமன்ற உறுப்பினர்களின் பார்வைக்கு வைக்கப்பட்டன. 1872 மார்ச் 1 அன்று யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

ஏழடி உயரமும் பன்னிரண்டு அடி அகலமும் கொண்ட மோரனின் எண்ணெய் வண்ணப் பேரோவியமே அச்சட்டத்திற்குக் காரணம் என்பாரும் உளர். அது பொருந்தாது. சட்டம் இயற்றப்பட்ட பின்னரே அப்பேரோவியம் முற்றுப்பெற்றது. நாடாளுமன்றம் அதனைப் பத்தாயிரம் டாலருக்கு வாங்கியது. உறுப்பினர்களின் மனத்தை அசைத்தவை கையடக்கமான சிறு ஓவியங்களே.

இயற்கையின் பேருருவைக் கண்டு மனிதன் வியப்பும் அச்சமும் கொள்ளும் நிலையைத் தீட்டுவது புனைவியல் ஓவிய மரபு. அம்மரபினர் கண்டதைக் கண்டவாறே வரைவதில்லை. மோரனும் வெவ்வேறு இடங்களில் நின்று கண்ட காட்சிகளை ஒரே திரையில் இணைத்தார். அவர் காட்டிய பள்ளத்தாக்கு முழுவதையும் ஓரிடத்தில் நின்று காண இயலாது. ஆயினும் பாறையின் அடுக்கும் நிறமும் பிழையின்றி அமைய வேண்டும் என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார்.

அந்தப் பெரும்பள்ளத்தின் விளிம்பில் எறும்பளவாகச் சில மனிதர் நிற்கின்றனர். அவருள் ஒருவர் பழங்குடியினர். எஞ்சிய பரப்பு ஆளற்ற நிலமாகவே தோன்றும். உண்மையில், ஷோஷோனி மக்களுள் மலையாடுகளை வேட்டையாடி வாழ்ந்த பிரிவினர் தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்தனர். அப்பகுதியின் எரிமலைக் கண்ணாடிப் பாறையை உடைத்து அம்புமுனைகள் செய்யும் வழக்கம் அங்குப் பல்லாயிரம் ஆண்டுகள் பழமையானது. பூங்கா அமைந்த சில ஆண்டுகளில் அம்மக்கள் அதன் எல்லைக்கு அப்பால், அரசு ஒதுக்கிய நிலங்களுக்கு அகற்றப்பட்டனர்.