ராக்கெட்டில் ஏற்றும் முன் செயற்கைக்கோளைக் குலுக்கிப் பார்ப்பது ஏன்? அடுக்குத் தகடுகளின் அதிர்வுக் கணக்கு

பைக்கில் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் சைடு மிரர் கடகடன்னு ஆடும், அதைத் தாண்டினால் அமைதியாகிடும். கவனிச்சிருக்கீங்களா? மிரருக்கும் அதன் தண்டுக்கும் சேர்த்து ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு. இன்ஜினின் துடிப்பு அதோடு பொருந்தும்போது ஆட்டம் பெருகுகிறது. பள்ளியில் படித்த ஒத்ததிர்வு இதுதான்.

பைக்கில் இது வெறும் எரிச்சல். செயற்கைக்கோளுக்கு இதுவே உயிர்ப் பிரச்னை. அதனால் செயற்கைக்கோளின் மிகக் குறைந்த இயல்பு அதிர்வெண் இந்த அளவுக்கு மேல் இருக்க வேண்டும் என்று ராக்கெட் தரப்பு முன்கூட்டியே நிபந்தனை போட்டுவிடும். பொருளைத் தயாரிக்கும் முன்பே அந்த எண்ணைக் கணித்தாக வேண்டும். ஒரு தட்டு தட்டிவிட்டால் அது தன்பாட்டுக்கு எப்படி ஆடும் என்பதே கேள்வி. இதற்குக் கட்டற்ற அதிர்வு என்று பெயர்.

ஒரே உலோகத்தாலான மெல்லிய தகடு என்றால் சுலபம். 1850-லேயே ஜெர்மானிய இயற்பியலாளர் கிர்க்காஃப் வழி சொல்லிவிட்டார். தகட்டின் தடிமன் வழியாகச் செங்குத்தாக ஒரு கோடு இருப்பதாக நினைச்சுக்கோங்க. தகடு வளைந்த பிறகும் அந்தக் கோடு நேராக, தகட்டுக்குச் செங்குத்தாகவே இருக்கும் என்பது அவரது அனுமானம்.

இப்போது ஒரு தடிமனான நோட்டை வளைச்சுப் பாருங்க. பக்கங்கள் ஒன்றின் மேல் ஒன்று நழுவி, விளிம்பு சாய்ந்துவிடும். செயற்கைக்கோள் பலகைகள் பலவும் ஏறக்குறைய இப்படித்தான்: மேலும் கீழும் மெல்லிய கார்பன் இழைத் தாள், நடுவில் அலுமினியத் தேன்கூடு. ஒட்டியிருப்பதால் அடுக்குகள் பிரியாது. ஆனால் நடுப்பகுதி சறுக்கி நெளியும். கிர்க்காஃபின் கணக்கில் இந்தச் சறுக்கலுக்கு இடமே இல்லை.

விளைவு, பலகை நிஜத்தைவிட விறைப்பானது என்று கணக்கு பொய் சொல்கிறது. அதிர்வெண் விறைப்பின் வர்க்கமூலத்தோடு மாறும். விறைப்பை 20% கூட்டி மதிப்பிட்டால் அதிர்வெண் சுமார் 10% கூடுதலாக வரும். பாதுகாப்பு என்று நினைத்த இடைவெளி காகிதத்தில் மட்டுமே இருக்கும்.

1951-ல் மிண்ட்லின் அந்தக் கோட்டைச் சாய விட்டார். ஆனால் கோடு நேராகவே இருந்தது. அதனால் சறுக்கல் தடிமன் முழுக்க ஒரே அளவு என்றாகிவிட்டது. நிஜத்தில் மேல், கீழ்ப் பரப்புகளில் அது பூஜ்யம். இதைச் சரிக்கட்ட 5/6 போன்ற ஒரு திருத்த எண்ணால் பெருக்கினார்கள். அடுக்குகள் மாறினால் அந்த எண்ணும் மாறணும், அதுதான் தலைவலி.

தெலங்கானாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஜே.என். ரெட்டி 1984-ல் கோட்டையே வளைய விட்டார், முப்படிச் சமன்பாடாக. பரப்புகளில் சறுக்கல் தானாகவே பூஜ்யமாகிறது, திருத்த எண் தேவையில்லை. கண்டுபிடிக்க வேண்டிய மாறிகளோ அதே ஐந்துதான். இந்தத் துறையில் எனக்குப் பிடித்த சிக்கனம் இது.

வளைந்த ஓடுகள் இன்னும் குறும்பு பிடித்தவை. மெல்லிய உருளையில் மிகக் குறைந்த அதிர்வெண் எளிமையான வடிவத்தில் வராது. பெரும்பாலும் சுற்றளவில் பல அலைகள் நெளியும் வடிவத்தில்தான் வரும்.

கடைசியில் எல்லாக் கணக்கும் குலுக்கு மேடைக்கு வந்தாக வேண்டும். முதலில் மெல்லக் குலுக்கி அதிர்வெண்களைக் குறிப்பார்கள், பிறகு பலமாக, பிறகு மறுபடி மெல்ல. முதல் பட்டியலும் கடைசிப் பட்டியலும் ஒத்துப்போகவில்லை என்றால், உள்ளே எங்கோ ஒரு போல்ட் தளர்ந்திருக்கலாம், அல்லது ஓர் அடுக்கு பிரிந்திருக்கலாம்.