லோன் 36 மாசம், பெயிண்ட் 10 மாசம்: கடலோர வீட்டு பெயிண்ட்டும் நம்ம பர்ஸும்

“பர்சனல் லோன் பக்கமே போகாதீங்க”ன்னு வீடியோவுக்கு வீடியோ கத்துற ஆளு நான். அந்த நானே சுவருக்குப் பெயிண்ட் அடிக்க பர்சனல் லோன் வாங்கின கதை இது.

எங்க வீடு திருவொற்றியூர்ல. நடந்து போனா பத்து நிமிஷத்துல கடல். தங்கச்சிக்குத் தை மாசம் நிச்சயதார்த்தம். மழை டிசம்பர் கடைசியிலதான் விட்டது. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றதுக்குள்ள வீடு பளிச்சுன்னு இருக்கணும். 1,20,000 ரூபாய் லோன், 14% வட்டி, 36 மாசம். இ.எம்.ஐ. சுமார் 4,100. மொத்த வட்டி மட்டும் 27,000-க்கு மேல.

அப்பா அப்பவே சொன்னார்: “சுவர் இன்னும் ஈரமாத்தான்டா இருக்கு. மொதல்ல மொட்டை மாடியைப் பாரு.”

“வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட்டுதான்பா அடிக்கிறோம். ஒண்ணும் ஆகாது”ன்னு நான் பெரிய மனுஷன் மாதிரி பதில் சொன்னேன்.

நிச்சயதார்த்த போட்டோ எல்லாம் சூப்பரா வந்தது. அதே வருஷம் ஐப்பசி மழையில ஹால் சுவர் அப்பளம் மாதிரி பொரிஞ்சு நின்னுச்சு. வெளியே கைப்பிடிச் சுவர்ல பெயிண்ட் தோல் தோலா உரிஞ்சுது. அப்போ பாக்கி இருந்த இ.எம்.ஐ. 26. இல்லாத பெயிண்ட்டுக்கு ரெண்டு வருஷத்துக்கு மேல பணம் கட்டினேன்.

தப்பு பெயிண்ட் மேல இல்லை, சுவருக்குள்ள இருந்த தண்ணி மேல. கடலோரத்துல காத்தோட வர்ற உப்பு சுவர்ல படியும். உப்பு, காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்து வெச்சுக்கும். மாடியில விரிசல் இருந்தா மழைத் தண்ணியும் உள்ள இறங்கும். அந்த ஈரம் வெயில் வந்ததும் வெளியே வரப் பார்க்கும். வரும்போது சுவருக்குள்ள இருக்கிற உப்பையும் இழுத்துட்டு வந்து வெள்ளையா பூக்கும். அதுக்கு மேல நாம போட்ட பட்டி, பிரைமர், எமல்ஷன் எல்லாத்தையும் சேர்த்துத் தள்ளிடும். வாரன்ட்டி இருக்கேன்னு நினைக்காதீங்க. நிபந்தனையைப் படிச்சுப் பாருங்க, சுவர்ல ஓதம் இருந்தா பெரும்பாலும் செல்லாது.

அதனால இப்போ எங்க வீட்ல பணம் போற வரிசையே மாறிடுச்சு. முதல் செலவு மாடிக்கு: தளத்து விரிசல், கைப்பிடிச் சுவரும் தளமும் சேர்ற மூலை, மழைத் தண்ணி இறங்குற பைப். அடுத்தது, யாரும் கண்டுக்காத ஏ.சி. தண்ணி. சின்ன டியூப்ல சுவர் மேலயே சொட்ட விட்டிருப்பாங்க. தினமும் ஒரே இடத்துல நனைஞ்சா எந்த கம்பெனி பெயிண்ட்டும் நிக்காது. டியூபை ரெண்டு அடி நீட்டி தண்ணியைத் தள்ளி விட்டாலே போதும், சில நூறு ரூபாய் வேலை. இதெல்லாம் முடிஞ்சு சுவர் காய்ஞ்ச பிறகுதான் பெயிண்ட்.

காய்ஞ்சுதான்னு எப்படித் தெரியும்? ரெண்டடிக்கு ரெண்டடி தெளிவான பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டு சுவர்ல ஒட்டுங்க. மறுநாள் பாருங்க. உள்பக்கம் முத்து முத்தா தண்ணி நின்னா சுவர் இன்னும் தயாரில்லை. புதுசா பூசின இடம்னா குறைஞ்சது 28 நாளாவது விடணும். சென்னைக்குப் பெரிய மழை அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரை. ஆனா நாம எல்லாரும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் பெயிண்டரைத் தேடுவோம்! பிப்ரவரிக்கு மேல மே மாசத்துக்குள்ள பண்ணுங்க. கொதிக்கிற சுவர்ல அடிக்க வேண்டாம்: கிழக்குச் சுவரை மதியத்துக்கு மேல, மேற்குச் சுவரைக் காலையில.

தண்ணி விஷயத்துல இன்னொண்ணு. எங்க ஏரியா போர் தண்ணியை வாயில வைக்க முடியாது, அவ்வளவு உப்பு. பெயிண்டர் எமல்ஷன்ல கலக்குறது, கொத்தனார் சிமென்ட் பூச்சுக்குத் தெளிக்கிறது, ரெண்டும் அந்தத் தண்ணியாவே இருந்தா காசு கொடுத்து உப்பைச் சுவருக்குள்ள ஏத்துறோம். நல்ல தண்ணி நாலு குடம் எடுத்து வைங்க. எவ்வளவு கலக்கணும்னு டப்பாவிலேயே போட்டிருக்கும். தண்ணி கூடினா கோட் மெலிசாகும், லிட்டர் மிச்சமாகும். மிச்சம் உங்களுக்கு இல்லை.

பெயிண்ட் அடிச்ச பிறகு வருஷத்துக்கு ரெண்டு ஞாயித்துக்கிழமை ஒதுக்கினா போதும். மழை முடிஞ்சதும் ஒண்ணு: நல்ல தண்ணியும் மெதுவான பிரஷும் வெச்சு வெளிச் சுவரைக் கழுவி உப்பை இறக்கணும். வடக்குச் சுவர்ல அந்த சீசன்ல வெயில் படாததால பாசி பிடிக்கும், அதைத் தேய்ச்சு எடுக்கணும். மழைக்கு முன்னாடி, செப்டம்பர்ல இன்னொண்ணு: மாடி பைப்ல அடைச்ச இலையை எடுக்கிறது, ஜன்னல் கம்பியில துருப் புள்ளி தெரிஞ்சா உப்புத்தாள்ல தேய்ச்சு, துரு தடுக்கிற பிரைமர் போட்டு, எனாமல் ஒரு கை. இதுக்கு எங்களுக்கு வருஷம் 4,000 ரூபாய்க்குள்ள ஆகுது. சன்ஷேட் அடியில பழுப்புக் கோடும் விரிசலும் தெரிஞ்சா மட்டும் பெயிண்டரைக் கூப்பிடாதீங்க. உள்ள கம்பி துருப்பிடிச்சு உப்பி கான்கிரீட்டைப் பிளக்குது. இன்ஜினியரைக் கூப்பிடுங்க, அன்னைக்கே.

அடுத்த முழு பெயிண்ட்டுக்கு லோன் கிடையாது. மாசம் 2,000 ரூபாய் ஆர்.டி., 60 மாசம். 1,20,000 என் காசு, மேல வட்டியும் எனக்கே. 4,100 இ.எம்.ஐ. கட்டினவனுக்கு 2,000 பெரிய கஷ்டமா தெரியலை. விலைவாசி ஏறும்தான், அதுக்கு வருஷா வருஷம் இன்கிரிமென்ட் வந்ததும் 200 ரூபாய் கூட்டிக்கிறேன்.

“டாக்ஸ்ல கழிக்கலாமா?”ன்னு கேட்பீங்க. வாடகைக்கு விட்ட வீடுன்னா, சொத்து வரி போக மிச்ச வாடகையில 30% கழிவு எப்படியும் கிடைக்கும். நீங்க பெயிண்ட் அடிச்சாலும் அதேதான், அடிக்கலைன்னாலும் அதேதான். தனியா பில் காட்ட முடியாது. நாமளே குடியிருக்கிற சொந்த வீடுன்னா, பழைய வரி முறையில ரிப்பேருக்கு வாங்கின கடனோட வட்டியில வருஷம் 30,000 வரை கழிக்கலாம், புது முறையில அது இல்லை. என் கேஸ்ல வீடு அப்பா பேர்ல, லோன் என் பேர்ல. அந்தக் கழிவும் போச்சு.

வாடகை வீட்ல இருக்கிறவங்களுக்கும் இதுல பணம் இருக்கு. சென்னையில காலி பண்ணும்போது பெயிண்ட்டுக்குன்னு ஒரு மாச வாடகையை அட்வான்ஸ்ல பிடிக்கிறது சகஜம். குடி போற அன்னைக்கே ஓதம் அடிச்ச சுவரைத் தேதியோட போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க. எவ்வளவு பிடிப்பாங்கன்னு அக்ரிமென்ட்ல எழுதிக்கோங்க.

போன பிப்ரவரியில மாடி விரிசலை முழுசா அடைச்சோம். கொத்தனார் கூலி, சாமான் எல்லாம் சேர்த்து 18,500. ஹால் சுவருக்கு இன்னும் பெயிண்ட் அடிக்கலை, பார்க்க அசிங்கமாத்தான் இருக்கு. பிளாஸ்டிக் ஷீட்டை அப்பாதான் ஒட்டி வெச்சிருக்கார். தினமும் காலையில காபியோட போய் அதைப் பார்த்துட்டு வர்றார். “இன்னும் ரெண்டு வாரம் போகட்டும்டா”ங்கிறார். இந்த தடவை நான் வாயைத் திறக்கலை.