பார்வைக்கு இடைஞ்சலான ஊர்

எஸ்டேட்னா நமக்கு டீத்தோட்டம்தான் ஞாபகம் வரும். இங்கிலாந்தின் டெர்பிஷயர்ல இருக்கிற சாட்ஸ்வொர்த் வேற ரகம்: டெவன்ஷயர் டியூக் குடும்பத்தோட மாளிகை, சுத்தியும் தோட்டம். 1844-ல கட்டின எம்பரர் நீரூற்றுலதான் எல்லாரும் போட்டோ எடுப்பாங்க. மோட்டாரே இல்ல, மேட்டு ஏரியிலேர்ந்து இறங்குற தண்ணியோட அழுத்தத்துலேயே பீறிடுது. எந்த ரஷ்யச் சக்கரவர்த்திக்காகக் கட்டினாங்களோ, அவர் வரவே இல்ல, பாவம்.

ஆனா நீங்க மாளிகையிலேர்ந்து ஆத்துக்கு அந்தப் பக்கம் பாருங்க. புல்வெளி, மரம், மேயுற ஆடு. இயற்கைதானேன்னு தோணும். அங்க ஈடன்சர்னு ஒரு கிராமம் இருந்துச்சு. பார்வைக்கு இடைஞ்சல்னு, ஆறாவது டியூக் 1830-களின் கடைசியில வீடுகளை இடிச்சுட்டு, கண்ணுல படாத இடத்துல புது ஊரே கட்டிக் கொடுத்தார். நல்ல வீடுகள்தான், அழகாவும் இருக்கு. பழைய இடத்துல மிஞ்சினது ஒரே ஒரு வீடு. பூங்காவுல நடக்க டிக்கெட் வேண்டாம். போய்ப் பார்த்துட்டு வாங்க.