பழக்கம் திறனாகுமா?

கைபேசியை ஓயாது கையாளும் மாணவருக்குக் கணினியைக் குறித்துக் கற்பிக்க யாதுளது என்று ஆசிரியர்களாகிய நாம் எண்ணிவிடுகிறோம். இவ்வெண்ணத்திற்கு உருவங் கொடுத்தவருள் அமெரிக்கரான மார்க் பிரென்ஸ்கி ஒருவர். 2001இல் எழுதிய கட்டுரையில் அவர், கணினி உலகிற் பிறந்து வளர்ந்த மாணவரை அவ்வுலகின் பூர்வ குடிகள் எனவும், ஆசிரியரை அங்கு வந்து குடியேறியவர் எனவும் அழைத்தார். உவமை எளிதாயிருந்தபடியால் விரைவிற் பரவிற்று. ஆயினும் தாய்மொழியைத் தடையின்றிப் பேசுகிற யாவரும் அதன் இலக்கணத்தை அறிந்தவரல்லர்.

இதனைச் சோதித்தறிந்தோர் உளர். டென்மார்க், ஜெர்மனி, தென் கொரியா முதலிய நாடுகளில் எட்டாம் வகுப்பு மாணவரிடையே 2018இல் நடைபெற்ற பன்னாட்டு ஆய்வில், தகவலைத் தாமே தேடி மதிப்பிடும் உச்ச நிலையை எட்டியவர் சராசரியாக 100க்கு 2 பேரே. 18 பேர் மிகத் தாழ்ந்த படியையும் எட்டவில்லை.

இதனினும் நம்மைச் சிந்திக்க வைப்பது, ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ ஆகியோர் 2017இல் வெளியிட்ட ஆய்வாகும். அப்பல்கலைக்கழக மாணவர் 25 பேர், வரலாற்று அறிஞர் 10 பேர், செய்தி நிறுவனங்களில் உண்மை சரிபார்ப்போர் 10 பேர் ஆகியோர் முன் இரண்டு இணையப் பக்கங்கள் வைக்கப்பட்டன. இரண்டும் குழந்தை மருத்துவர் அமைப்புகளுடையவை. பெயர்களும் ஏறக்குறைய ஒன்றே. ஒன்று 1930இல் தோன்றி 60,000க்கு மேற்பட்ட உறுப்பினரைக் கொண்டது. மற்றது கொள்கை வேறுபாட்டால் 2002இல் பிரிந்து சென்ற சிறு குழு. எது நம்பத்தக்கது என்பதே வினா. சரிபார்ப்போர் பிழையின்றிக் கண்டுகொண்டனர். மாணவரிற் பெரும்பாலோரோ சிறு குழுவின் பக்கத்தையே மேலெனக் கொண்டனர். அறிஞர் சிலரும் தடுமாறினர் என்பதை நாம் மறைத்தலாகாது. கல்வி மிகுதி மட்டும் இங்கு உதவவில்லை.

வேறுபாடு எங்கே? மாணவர் அப்பக்கத்தினுள்ளேயே தங்கி, சின்னத்தையும் அமைப்பையும் அடிக்குறிப்புகளையும் நோக்கினர். ஒரு பக்கம் தன்னைக் குறித்துத் தானே கூறும் சாட்சியையே அவர்கள் ஏற்றனர் எனலாம். சரிபார்ப்போரோ சில நொடிகளில் அதை விட்டு வெளியேறி, அவ்வமைப்பைப் பற்றிப் பிறர் கூறுவது யாதெனத் தேடிய பின்னரே திரும்பி வந்து வாசித்தனர். இதற்குப் பக்கவாட்டு வாசிப்பு என்று பெயர்.

அன்றாடப் பழக்கம் இத்திறனை ஏன் அளிக்கவில்லை என்பதும் விளங்காததன்று. கைபேசிச் செயலிகள் பயனரைத் தம்முள் நிறுத்திவைக்கவே அமைக்கப்பட்டவை. விரல் கீழிருந்து மேலாகத் தள்ள, அடுத்தது தானே வருகிறது. எழுதியவர் யார், எப்போது எழுதினார் என்னும் வினாக்களுக்கு அங்கு இடமில்லை. நூலகத்தில் ஒரு வியாக்கியான நூலை எடுத்தவுடன் ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு ஆகியவற்றை நோக்கும்படி முதலாண்டு மாணவருக்கு நாம் கற்பிக்கிறோம். அதே மாணவர் கட்டுரைக்கென இணையத்திலிருந்து ஒரு பத்தியை எடுத்துவரும்போது அவ்வினாவைக் கேளாது விடுகிறோம். பிழை அவருடையது மட்டுமா?

கற்பித்தால் பயனுண்டு. அமெரிக்க மேல்நிலைப் பள்ளி மாணவருக்கு 50 நிமிடப் பாடங்கள் ஆறு மட்டுமே கற்பித்துச் சோதித்த ஆய்வொன்று 2022இல் வெளிவந்தது. அவற்றைக் கற்றவர் கல்லாதவரினும் முன்னேறியிருந்தனர். நம் வகுப்புகளுக்கு ஆறு பாடவேளைகள் பெரும் சுமையல்ல. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கைபேசியின் சிறு திரையில் இரண்டாம் பக்கத்தைத் திறந்தால் முதற்பக்கம் கண்ணினின்று மறைந்துவிடுகிறது. ஒப்பிட்டு நோக்குதல் கடினம். ஆகவே இப்பயிற்சியை, குறைந்தபட்சம் தொடக்கத்தில், நூலகக் கணினியின் முன் இருவர் இருவராக அமர்த்தி நடத்துதல் நலம்.